காதில்லாத கூடம்

நீதிபதி தீர்ப்பை வாசித்து முடித்தபோது ஜெசிந்தாவால் அழ முடியவில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த துணை அவளை அழ விடவில்லை.

“உங்கள் நாடித்துடிப்பு கூடியிருக்கிறது, ஜெசிந்தா,” என்றது, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். “மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். நான் உங்களோடு இருக்கிறேன்.”

புளியங்கொட்டை அளவே இருக்கும் அந்தத் துணை இல்லாமல் யாரும் வெளியே நடமாடுவதில்லை. வேலைக்குப் போக, பேருந்தில் ஏற, மருந்து வாங்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லும். மறந்ததை நினைவூட்டும். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டும் இருக்கும். அது கேட்டதெல்லாம் பதிவாகும். பொய்சாட்சி ஒழிந்தது என்று நீதிமன்றங்கள் அதைக் கொண்டாடின. துணை கேட்டது நடந்தது. துணை கேட்காதது நடக்கவில்லை. சட்டம் அவ்வளவுக்கு எளிதாகிவிட்டிருந்தது.

ஜெசிந்தாவின் கணவன் கிளீட்டஸ் தூத்துக்குடிக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய சரக்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தான். மரக்கட்டை ஏற்றி வந்த ஒரு கப்பலின் கீழ்க்கிடங்கில் அவனும் அவனோடு இறங்கியவர்களும் மூச்சு முட்டிச் செத்தார்கள். பச்சை மரம் அடைத்த கிடங்கில் காற்று கெட்டுப்போகும் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் துணை காற்றை அளந்து சொல்லும். அன்றைக்கு அது “இறங்கலாம்” என்றது. இறங்கினார்கள்.

துறைமுகத்துக்குத் துணைகளைக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அணுக்கம். அதன் தென்மண்டலத் தலைவர் வித்யாசாகர். எச்சரிக்கை அடிக்கடி வந்தால் சரக்கு இறக்குவது தாமதமாகிறது என்பதால், எவ்வளவு காற்று கெட்டால் துணை தடுக்க வேண்டும் என்ற அளவை அவர் தளர்த்தச் சொன்னார் என்பது வழக்கு. மென்பொருளைப் புதுப்பித்தபோது தானாக நேர்ந்த பிழை என்றது நிறுவனம். வித்யாசாகரின் பதிவு முழுவதும் அலசப்பட்டது. அதில் அப்படி ஒரு சொல்கூட இல்லை.

“பேசாத பேச்சுக்கு யாரையும் தண்டிக்க முடியாது,” என்று நீதிபதி எழுதியிருந்தார்.

வித்யாசாகர் எழுந்து, ஜெசிந்தாவின் பக்கம் திரும்பி, கைகூப்பினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்ததுபோலத்தான் தெரிந்தது. பிறகு மனைவியோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

ஜெசிந்தா வெயிலில் நடந்தாள். துணை விடாமல் பேசிக்கொண்டே வந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னது. அவள் தம்பியைக் கூப்பிடட்டுமா என்றது. துக்கத்தைப் பற்றி ஏதோ இதமாகச் சொன்னது. நீதிமன்றத்துக்கு அடுத்த கட்டடத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. ‘மாவட்டப் பொது நூலகம். துணையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவும்.’ புத்தகம் என்று எதையும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தொட்டதில்லை. கழற்றி வைக்கலாம் என்ற ஒன்றுக்காகவே உள்ளே போனாள்.

வாசலில் மரத்தால் செய்த சின்னச் சின்ன அறைகள் கொண்ட அலமாரி. அதன் அருகே நூலகர் மைமூன் உட்கார்ந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், தலையில் வெள்ளை முக்காடு.

“இதுல வச்சுப் பூட்டுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றார்.

“நான் படிக்க வரலக்கா.”

“உள்ள இருக்கதுல பாதிப் பேரு படிக்க வரல. போயி உக்காருங்க.”

ஜெசிந்தா வாசிப்புக் கூடத்தின் மூலையில் போய் உட்கார்ந்தாள். காது வெறுமையாக இருந்தது. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. கிளீட்டஸ் செத்ததற்குப் பிறகு முதல்முறையாக, தடுக்க யாருமில்லாமல், மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். சுற்றி இருந்தவர்கள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் பக்கத்துக்குத் திரும்பினார்கள்.

அவள் ஓய்ந்த பிறகு மைமூன் வந்து ஒரு தடித்த புத்தகத்தை அவள் முன்னால் விரித்து வைத்தார். கடல்மீன்களைப் பற்றியது. பக்கமெல்லாம் படம்.

“இத விரிச்சு வச்சுக்கிடுங்க. புஸ்தகம் விரிஞ்சு கிடந்தா ஒருத்தரும் கிட்ட வந்து பேச்சுக்கொடுக்க மாட்டாங்க.”

“இங்க மட்டும் எப்படிக்கா இத கழத்தி வைக்க விடுதாங்க?”

மைமூன் எதிரே உட்கார்ந்தார். “துணை வந்த புதுசுல நூலகத்த எல்லாம் மூடிரணும்னுதான் பேசினாங்க. எது கேட்டாலும் காதுலயே பதில் வருதே, எதுக்கு இதுன்னு. கொஞ்சப் பேரு வழக்குப் போட்டாங்க. ஒரு மனுஷன் என்ன படிக்கான், படிச்சு என்ன நினைக்கான்னு ஒட்டுக்கேக்கக் கூடாதுன்னு. அவங்க ஜெயிச்சது இது ஒண்ணுலதான். இந்தச் சுவத்துக்குள்ள பேசினது எங்கயும் சாட்சி ஆகாது. இங்க கேட்டத வெளிய போயி சொன்னா, சொன்ன ஆளு மேலதான் கேஸு.”

“வீட்டுல கழத்தி வச்சா?”

“ஏன் கழத்துனன்னு அதுவே எழுதி வச்சுரும். இங்க கழத்துனா எழுதாது.”

அதற்குப் பிறகு ஜெசிந்தா வேலை முடிந்ததும் நூலகத்துக்கு வர ஆரம்பித்தாள். இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் தரம் பிரிப்பது அவள் வேலை. கையில் இறால் வாடை போவதற்காக எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள்.

வர வர அந்த இடம் அவளுக்குப் புரிந்தது. மேலதிகாரியைத் திட்டுவதற்காக ஒருவர் வருவார். நாளிதழைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் முணுமுணுவென்று திட்டித் தீர்த்துவிட்டு, மடித்து வைத்துவிட்டுப் போவார். காதலர்கள் வருவார்கள். வேலை நிறுத்தம் பற்றிப் பேச ஆட்கள் வருவார்கள். ஒரு கல்லூரி மாணவி தப்புத் தப்பாகக் கணக்குப் போட வருவாள். வெளியே போட்டால் பிழை செய்வதற்கு முன்பே துணை திருத்திவிடுகிறதாம். அப்படி வந்தவர்கள் எல்லோரும், சும்மா இருக்க முடியாமல், ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்தார்கள். எடுத்ததைப் படித்தார்கள். மைமூன் அதற்காகத்தான் காத்திருப்பார் போல.

ஜெசிந்தாவும் படித்தாள். மீன் புத்தகத்திலிருந்து கப்பல் புத்தகத்துக்குப் போனாள். பிறகு காற்றைப் பற்றி, நுரையீரலைப் பற்றி. வெளியே எதைக் கேட்டாலும் துணை ஒரே ஒரு பதிலைச் சொல்லும். கிளீட்டஸ் எப்படிச் செத்தான் என்று அவள் கேட்டபோது, “அவருக்கு வலி தெரிந்திருக்காது. தூங்குவதுபோலப் போயிருப்பார்,” என்று சொல்லியிருந்தது. இங்கே புத்தகங்கள் ஒன்றுக்கொன்று வேறு மாதிரி சொல்லின. ஒன்று, உடனே நினைவு தப்பும் என்றது. இன்னொன்று, ஏணிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஏறப் பார்ப்பார்கள், கைகால் மட்டும் வராது, மனசுக்கு எல்லாம் தெரியும் என்றது.

கிளீட்டஸை ஏணியின் அடியில்தான் எடுத்தார்கள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது என்று அவன் கூட்டாளி சொல்லியிருந்தான்.

அதைப் படித்ததிலிருந்து அவள் வித்யாசாகரைப் பற்றி நினைக்க நூலகத்துக்கு வந்தாள். வெளியே நினைத்தால் நாடி எகிறும், துணை கேள்வி கேட்கும். அதனால் அந்தக் கோபத்தை இந்தக் கூடத்தில் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். வாசலில் சாவியைத் திருப்பித் துணையை ஒட்டிக்கொள்ளும்போது முகம் அமைதியாகிவிடும். இப்படி மனசை இறுக்கி வைக்கத் தன்னால் முடியும் என்று அவளுக்கே முன்பு தெரியாது.

ஒரு சாயங்காலம், பொறியியல் புத்தகங்கள் இருக்கும் அடுக்குக்கு இந்தப் பக்கம் அவள் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் நீதிமன்றத்தில் கேட்ட குரல்.

“வடக்குத் துறைமுகத்திலயும் அதே பிரச்சினைதான்,” என்றார் வித்யாசாகர். “எச்சரிக்கை ஜாஸ்தியா வருதுன்னு ஏஜென்ட்டுங்க கத்துறாங்க. போன தடவை மாதிரியே செஞ்சிடு. அடுத்த புதுப்பிப்புல அளவைத் தளர்த்திடு.”

இன்னொரு குரல் இளசு. “சார், போன தடவை…”

“போன தடவை எதிர்பாராம நடந்தது. நானும்தான் தூங்கல. ஆனா எத்தனை கப்பல் ஒரு சேதமும் இல்லாம இறங்குச்சு, அத யோசி. பொங்கலுக்குள்ள முடிச்சிடு. இங்க சொன்னது இங்கயே இருக்கட்டும்.”

அவர்கள் போன பிறகும் ஜெசிந்தா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பேசாத பேச்சு என்று நீதிபதி எழுதியது அவளுக்கு இப்போது விளங்கியது. பேசியிருக்கிறார். அவள் அழ வருகிற இந்தக் கூடத்தில் வைத்துத்தான் பேசியிருக்கிறார்.

மறுநாள் தன் வக்கீல் சங்கமித்ராவை நூலகத்துக்கு வரச் சொல்லி, கேட்டதை அப்படியே சொன்னாள்.

“அந்த ஆளு நூலகத்துக்கு வந்து போனது எனக்குத் தெரியும்க்கா,” என்றாள் சங்கமித்ரா. “ பதிவுல அந்த நேரம் மட்டும் வெள்ளையா இருக்கும். ஆனா அத கோர்ட்டுல நான் சொல்லவே கூடாது. சொன்னா எம்மேல நடவடிக்கை.”

“வடக்க அடுத்தாப்புல இறங்கப் போறவன்கிட்டயாவது சொல்லலாம்லா?”

“இங்க கூட்டிட்டு வந்து சொல்லலாம். நம்புவாங்க. நாளைக்குத் துணை இறங்கலாம்னு சொல்லி இவன் இறங்கலைன்னா வேலை போயிரும். எத்தன பேரு அதுக்குத் துணிவாங்க?”

“நான் துணைய மறைச்சு உள்ள கொண்டுவந்து, அவரு பேசுதத பதிவு பண்ணினா?”

சங்கமித்ரா நிமிர்ந்து பார்த்தாள். “செல்லாதுன்னுதான் சட்டம். ஆனா ஏத்துக்கிடுவாங்க. இந்தச் சட்டத்த எப்படா ஒழிக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு கொலைகாரனப் பிடிக்க இது தடையா இருந்துச்சுன்னு ஆயிட்டா போதும். அவன் உள்ள போவான். அதுக்கப்புறம் எந்த நூலக வாசல்லயும் யாரும் எதையும் கழத்த முடியாது.”

“ஒழியட்டும்,” என்றாள் ஜெசிந்தா. “அவன ஒளிச்சு வைக்கதுக்கா இது இருக்கு?”



வித்யாசாகர் வெள்ளிக்கிழமைகளில்தான் வருவார் என்று அடுத்து வந்த வாரங்களில் ஜெசிந்தா கவனித்து வைத்தாள். அடுத்த வெள்ளியன்று நூலகத்துப் படியில் துணையைக் கழற்றிக் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு வந்தாள். தோலில் படாதவரை அது தூங்கும். அவர் பேச ஆரம்பித்ததும் எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டினால் போதும்.

“கம்பெனியிலேயே வச்சுட்டு வந்துட்டேன்க்கா,” என்றாள் வாசலில்.

மைமூன் அவள் முகத்தைப் பார்த்தார். கொண்டையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. “சரி, போங்க,” என்றார். அந்த வாசலில் யாரையும் தடவிச் சோதித்த வழக்கம் கிடையாது.

வித்யாசாகர் இன்னும் வரவில்லை. ஜெசிந்தா அவர் வழக்கமாக நிற்கும் அடுக்குக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். அதே மேசையின் மறுமுனையில் கணக்குப் போடும் மாணவி இருந்தாள். அவளோடு இன்னொரு பெண், கொஞ்சம் பெரியவள், கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை அவரு வெளியூரு போவாரு,” என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். “அப்ப கிளம்பிருதேன். உங்க ஹாஸ்டல்ல ரெண்டு நாளு இருக்க முடியுமா? எங்க வீட்டுல சொன்னா திருப்பி அங்கயே கொண்டு விட்டுருவாங்க.” புடவைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். மூடுவதற்கு முன் அங்கே கன்றிப்போயிருந்ததை ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

துணை ஒருமுறை விழித்தால் கூடத்தில் கேட்கும் எல்லாவற்றையும் எழுதும். வித்யாசாகரை மட்டும் எழுது என்று அதற்குச் சொல்ல முடியாது. இந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை போகும் இடமும் அதில் வரும். அவள் புருஷனின் வக்கீல் அதைக் கேட்டு வாங்குவான். அவளுக்கு அடுத்து இந்த மாதிரிப் பேச வருகிற எவளுக்கும் பேச இடமே இருக்காது.

வாசலில் வித்யாசாகரின் சத்தம் கேட்டது. ஜெசிந்தாவின் கை கொண்டைக்குப் போனது. முந்தானை நுனியால் பிடித்துத் துணையை எடுத்தது. தோலில் பட்டு விழித்துவிடாதபடி அதிலேயே சுற்றிக்கொண்டு எழுந்து, நேரே மைமூனிடம் போய் மேசைமேல் வைத்தாள்.

மைமூன் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து ஓர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்தார். “கூடத்துல ஃபேன் வேகமா சுத்துதா? குறைக்கவா?” என்றார்.

“இருக்கட்டும்க்கா.”

திரும்பி நடக்கும்போது அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று தோன்றவில்லை. இங்கே சொன்னது இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னது காதில் திரும்பத் திரும்ப ஓடியது. அவரை மறைக்கும் இந்தக் கூடத்துச் சட்டம் என்ற அதே கத்தி தன் கையிலும் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வித்யாசாகர் தன் ஆளுக்காகக் காத்துக்கொண்டு, ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னத் தெரியுதா?”

“தெரியுது. கோர்ட்டுல பார்த்தேன். உங்க கணவர் விஷயத்துல எனக்கு ரொம்ப வருத்தம்மா.”

“இந்த அடுக்குக்குப் பின்னால நீங்க பேசுனத நான் கேட்டேன். வடக்குத் துறைமுகத்தப் பத்தி. போன தடவையப் பத்தியும்.”

அவர் முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். “அத வெளிய சொல்ல முடியாது. சொன்னா ஜெயிலுக்குப் போறது நீங்க. தெரியும்ல?”

“தெரியும். அதான் உள்ள சொல்ல வந்தேன். உங்கள நான் கொல்லப் போறேன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இறால் என்ன விலை என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

வித்யாசாகர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெளியே யாரும் யாரையும் மிரட்டி வருடக்கணக்காகிறது. ஒருவன் மனசில் அப்படி நினைத்து நாடி ஏறினாலே காவல்துறை வீட்டு வாசலில் வந்து நிற்கும். துணைக்குள் இருந்து அப்படிக் காட்டிக்கொடுக்கும் நிரலை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து இப்படிச் சொன்னால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கை தன்னையறியாமல் காதுக்குப் பின்னால் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

“நான் இப்பவே போலீஸ்ல…”

“சொல்லுங்க. நூலகத்துல கேட்டத வெளிய சொன்னா உங்க மேல கேஸு. அதுக்கும் மேல, ஒரு பொம்பள எதுக்கு உங்கள கொல்ல நினைக்கான்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவீங்கன்னு யோசிச்சு வச்சுக்கிட்டுப் போங்க.”

“உங்க துணை காட்டிக்கொடுத்திடும்.”

“கொடுக்காது. வெளிய நான் உங்கள நினைக்கதே இல்ல. இங்க வந்துதான் நினைக்கேன். என் புருஷன் ஏணிக் கம்பியப் புடிச்சுக்கிட்டுச் செத்தாரு. ஏறணும்னு தெரியும். கை வரல. நீங்களும் அப்படித்தான் போகணும். என்ன நடக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே போகணும்.”

அவள் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் செய்யவில்லை. வித்யாசாகரின் வீட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தம் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் அங்கே இறங்கி, அடுத்த பேருந்துக்கு நிற்பாள். அவர் கார் வெளியே வரும்போது தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையசைப்பதுபோல அசைப்பாள். அவள் நாடி சீராக இருந்தது. துணை வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. நூலகத்திலும் வெள்ளிக்கிழமை அவர் வந்தால் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து படிப்பாள். மனித உடலின் ரத்தக்குழாய்களைப் பற்றிய புத்தகத்தை அட்டை அவருக்குத் தெரியும்படி பிடித்திருப்பாள். வித்யாசாகர் மெலிந்தார். பிறகு நூலகத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை அவரைக் கைது செய்தார்கள்.

அவர் வீட்டில் பேசியதன் பதிவு காவல்துறைக்குக் கிடைத்திருந்தது. மரம் ஏற்றி வந்த கப்பல், தளர்த்திய அளவு, வடக்குத் துறைமுகத்துக்குப் போட்ட திட்டம், எல்லாம் அவர் வாயாலேயே. வடக்கே புதுப்பிப்பை நிறுத்தி வைத்தார்கள். கிளீட்டஸின் வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. இந்த முறையும் நீதிபதிக்கு வேலை சுலபமாக இருந்தது, துணை கேட்டிருந்தது. நீண்ட சிறை. தீர்ப்பு வந்த அன்று ஜெசிந்தா கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மனசு நிறையும் என்று எதிர்பார்த்திருந்தாள். கொஞ்சம் நிறைந்தது. மிச்சத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தாள்.

சில வாரங்கள் கழித்து, நூலகத்தில் அவள் எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல கைத்தறிப் புடவை, நெற்றியில் சின்னப் பொட்டு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. நீதிமன்றத்தில் வித்யாசாகரோடு பார்த்த முகம்.

“நான் ரேணுகாங்க. அவரு சம்சாரம்.” கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

ஜெசிந்தா புத்தகத்தை மூடினாள்.

“சண்டை போட வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அதுக்கு முன்னால நடந்ததைச் சொல்லிப்போடறேன்.” ரேணுகா கைகளை மேசைமேல் கோத்துக்கொண்டாள். “கல்யாணம் ஆனதுல இருந்தே எங்கிட்ட உண்மையா ஏதாவது பேசோணும்னா அவரு நூலகத்துக்குத்தான் கூட்டிட்டு வருவாருங்க. வீட்டுல பேசறது எல்லாம் வீட்டுப் பேச்சு. கப்பல்ல அத்தன பேரு செத்தப்ப, உங்களுக்கு ஏதாவது தெரியுமாங்கன்னு கேட்டேன். வா, நூலகத்துக்குப் போலாம்னாரு. அப்பவே எனக்குப் பாதி வெளங்கிப்போச்சு. நான் வரலைன்னுட்டேன். தெரிஞ்சுக்க வேண்டாம்னு.”

“சரி.”

“அப்பறம் கொஞ்ச நாளா அவரு சோறு திங்கல. ஜன்னல் பக்கமே போகல. என்னாச்சுன்னு கேட்டா பேசல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அடுக்களையில வந்து நின்னாரு. நூலகத்துக்குப் போலாம்ங்களான்னு கேட்டேன். அங்க வேண்டாம், அங்க அவ இருப்பான்னு நடுங்கறாரு. அவரு துணையக் கழட்டித் தண்ணிச் சொம்புல போட்டாரு. உன்னோடதையும் எடுன்னாரு. என்னோடது காதுக்குப் பின்னால ஒட்டினபடியே இருந்துச்சுங்க, முடி மறைச்சிருந்துச்சு. எடுத்துட்டேன்னு சொன்னேன்.”

ஜெசிந்தாவின் கண் ரேணுகாவின் காதுப் பக்கம் போனது.

“எல்லாத்தையும் சொன்னாரு. நீங்க அவர்கிட்டச் சொன்னது, ஏன் சொன்னீங்கங்கறது, எல்லாம். மறுநாள் நானே கொண்டுபோய்ப் போலீஸ்ல கொடுத்தேன். நீங்க சொன்னது நூலகத்துல சொன்னதுங்கறதால அதை மட்டும் அவங்க தொடலீங்க. நியாயத்துக்காகக் கொடுத்தேன்னு பேப்பர்ல எழுதினாங்க. சொந்தக்காரங்க காறித் துப்பறாங்க. ரெண்டும் இல்லீங்க. உள்ள போனா நீங்க அவரைத் தொட முடியாது. அவரு உசுரோட இருப்பாரு. அதுக்காகத்தான் கொடுத்தேன்.”

கூடத்தில் யாரோ பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. ரேணுகா குரலைத் தாழ்த்தினாள்.

“இப்ப ராத்திரியும் பகலும் ஒண்ணுதாங்க என்னை அரிக்குது. நீங்க சும்மா மிரட்டத்தான் சொன்னீங்களா? நெசமாலும் கொன்னிருப்பீங்களா?”

இந்தக் கேள்வியை ஜெசிந்தா தன்னிடமே கேட்டதில்லை. ரத்தக்குழாய்ப் புத்தகத்தை அட்டைக்காக மட்டும் அவள் பிடித்திருக்கவில்லை, படித்தும் இருந்தாள். வித்யாசாகர் எந்த நேரத்தில் கார் கதவைத் தானே திறப்பார் என்பதும் தெரியும். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது நாடி ஒருநாளும் ஏறியதில்லை. கொல்லப் போகிறவளுக்கு நாடி ஏறாமல் இருக்குமா?

எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். இல்லை, சும்மாதான் சொன்னேன் என்று சொன்னால் போதும். தன் புருஷனை ஒன்றுமில்லாத ஒரு பேச்சுக்குப் பயந்து காட்டிக்கொடுத்தவளாக இவள் வாழ்நாள் முழுக்க இருப்பாள். அதுவும் ஒரு பழிதான். வித்யாசாகரின் வீடு அடியோடு இடியும். கையெட்டும் தூரத்தில் இருந்தது அது.

“கொன்னுருப்பேன்,” என்றாள்.

ரேணுகா கண்ணை மூடித் திறந்தாள். பிடித்து வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது. “அப்பச் சரிங்க,” என்றாள். பிறகு அதையே இன்னொரு முறை, தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

எழுந்தவள் போகாமல் நின்றாள்.

“வியாழக்கெழம அவரைப் பார்க்கப் போறேன். இன்னும் பயந்துட்டேதான் இருக்காருங்க. ஜெயிலுக்குள்ளயும் யாரையாவது அனுப்புவா, வெளிய வந்தா வாசல்ல நிப்பான்னு. தூக்கமே இல்ல. இனி ஒண்ணும் செய்யமாட்டாங்கன்னு அவருகிட்டச் சொல்லட்டுங்களா?”

ஜெசிந்தா ஏணியை நினைத்தாள். கம்பியிலிருந்து பிரித்தெடுத்த விரல்களை நினைத்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “சொல்லாதீங்க.”

ரேணுகா கோபப்படுவாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். கெஞ்சுவாள் என்றும் எதிர்பார்த்தாள்.

“சொல்லலீங்க,” என்றாள் ரேணுகா. “எனக்கும் சொல்லோணும்னு இல்ல. உங்ககிட்டக் கேட்டுட்டேன்னு இருக்கட்டும்னுதான் கேட்டேன்.”

புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கதைப் புத்தகங்கள் இருக்கும் அடுக்குப் பக்கம் நடந்து போனாள்.